காட்டு விலங்குகளும் நாட்டுக் கதைகளும்

இல்லாததை இருப்பதுபோல் ஒருவன் இயம்பினால், "கரடி விடுகிறான்" என்று கூறுவது உலக வழக்கு. இவ்வழக்கு எவ்வாறு தோன்றியது என்பது ஒருபுறமிருக்க, கரடியைப்பற்றி மனிதர் விட்ட கரடிகள் எண்ணற்றவை. கரடி மாத்திரமன்று, யானை, சிறுத்தை, தேவாங்கு என்று நம் நாட்டுக் காடுகளிலே சஞ்சரிக்கும் பிராணிகளுள் இத்தகைய கதைகளுக்கு ஆளாகாதது ஒன்றேனும் இல்லை எனலாம். பாட்டிமார் கூறியவை சில. பள்ளிப் பாடப் புத்தகங்களிலே படித்தவை சில. வேட்டைக்காரர் தம் வீரத்தை உயர்த்திக் காட்டச் சொன்னவை வேறு சில.

கதை கதையாகவே நின்றுவிடின் கேடொன்றும் இல்லை. ஆயின் காட்டோரத்திலே குடியிருக்கும் விவசாயியும், பழம் பொறுக்கவும் தேன் எடுக்கவும் காட்டுக்குட் செல்லும் ஏழை மகனும், தேயிலைத் தோட்டத்திலே கொழுந்தெடுக்கும் பெண்ணும் அக்கதைகளை நம்பி நடக்கும்போது, சில வேளைகளில் மனித உயிர் போகின்றது. பல வேளைகளில் விலங்கின் உயிர் போகின்றது. ஆதலால், எது உண்மை, எது கற்பனை என்று பகுத்தறிதல் பொழுதுபோக்குக்கு உரிய காரியமன்று. வாழ்க்கைக்கு வேண்டிய காரியமேயாகும்.

விலங்குகளை அறிவதற்கு முன் அவை வாழும் இடங்களை அறிதல் வேண்டும். இலங்கை சிறிய தீவாயினும் அதன் காடுகள் ஒரே தன்மையன அல்ல. தென்மேற்கிலே ஆண்டு முழுவதும் மழை பெறும் ஈரவலயக் காடுகள் உள்ளன. நடுவிலே குளிர்ந்த மலைக்காடுகள் உள்ளன. எஞ்சிய பெரும்பகுதி உலர் வலயம். வடக்கே வன்னி முதல் தெற்கே யால வரையும், மேற்கே வில்பத்து முதல் கிழக்குக் கரையோரம் வரையும் பரந்து கிடக்கும் இவ்வலயத்திலே பாலை, வீரை, முதிரை, கருங்காலி முதலிய மரங்கள் ஓங்கி வளர்கின்றன. மாரியிலே வெள்ளமும் கோடையிலே வறட்சியும் மாறி மாறி வரும் இந்நிலத்தில், பழைய மன்னர் கட்டுவித்த குளங்களே மனிதருக்கும் விலங்குகளுக்கும் ஒருங்கே உயிர் நிலையாக விளங்குகின்றன.

இக்காடுகளில் வாழும் கரடியையே முதலில் எடுத்துக்கொள்வோம். இரு நண்பர்கள் காட்டுவழியே சென்றபோது கரடியொன்று எதிர்ப்பட்டது. ஒருவன் மரத்திலேறித் தப்பினான். மற்றவன் மூச்சையடக்கிப் பிணம்போற் கிடந்தான். கரடி அவனை முகர்ந்து பார்த்துவிட்டு அகன்றது. இக்கதையை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. ஆபத்திலே கைவிடும் நண்பன் நண்பனல்லன் என்னும் நீதி பொன்போற் போற்றத் தக்கது. ஆனால் அக்கதையிலே வரும் விலங்கு நூல் நம் நாட்டுக் கரடிக்குப் பொருந்தாது. மரமேறுவதில் நம் கரடிக்கு நிகரான பெரும் விலங்கு மிகச் சிலவே. பழத்துக்காகவும் தேனுக்காகவும் உயர்ந்த மரங்களிலே அது அநாயாசமாக ஏறிவிடும். ஆகவே மரத்தின்மேல் இருந்த நண்பன் அக்கதையிலே தப்பியது கதாசிரியரின் கருணையால் என்றே கொள்ளவேண்டும். கரடி பிணத்தைத் தீண்டாது என்பதும் உண்மையன்று. இறந்த விலங்கின் இறைச்சியை அது சிற்சில வேளைகளில் உண்பதுண்டு.

கரடியைப்பற்றிப் பாமரர் மட்டுமே தவறாக எண்ணினர் என்று கருதுதல் வேண்டா. 1791 ஆம் ஆண்டிலே ஜோர்ஜ் ஷோ என்னும் ஆங்கிலேய விலங்கியலறிஞர் இவ்வினத்தை ஆராய்ந்து, இது கரடியே அன்று, தென்னமெரிக்காவிலே மரக்கிளைகளில் தொங்கி வாழும் அசமந்தப் பிராணியின் இனம் என்று முடிவு கட்டினார். நீண்ட வளைந்த நகங்களும், மேல்வாயின் முன்புறத்திலே இரண்டு பற்கள் இல்லாமையும் அவரை மயக்கின. அந்தப் பிழையின் அடையாளம் இன்றும் அதன் ஆங்கிலப் பெயரிலே ஒட்டிக்கொண்டிருக்கின்றது. உண்மையிலே அது அசமந்தமான விலங்கன்று. வேண்டியபோது மனிதனைவிட விரைவாக ஓடவல்லது.

அந்த நகங்களும் அந்தப் பல்லின்மையும் எதற்காக அமைந்தன? மனிதனைக் கிழிப்பதற்காக அல்ல. கறையான் புற்றைக் கிண்டுவதற்காகவே. கரடி முதலிற் புற்றை நகத்தாற் பிளக்கும். பின்னர்த் தன் நீண்ட வாயை அதனுள் நுழைத்து, மண்ணையும் தூசியையும் ஊதித் தள்ளும். அதன்பின் உதடுகளைக் குழல்போற் குவித்து, பற்களில்லாத அந்த இடைவெளியூடாகக் கறையானை உறிஞ்சி எடுக்கும். தூசி மூக்கினுள் ஏறாதிருக்க, மூக்குத் துளைகளை விரும்பியவாறு மூடிக்கொள்ளும் ஆற்றலும் அதற்கு உண்டு. இவ்வாறு உறிஞ்சும் ஓசை நூறு யார் தூரத்திலும் கேட்கும். காட்டு வழிச் செல்வோர் அவ்வோசையைக் கேட்டுப் பேயின் மூச்சென்று அஞ்சி ஓடினால் வியப்பதற்கில்லை. மனிதனைப் பிடித்துத் தின்னும் விலங்கென்று தூற்றப்படும் கரடியின் நாளாந்த உணவு கறையானும், எறும்பும், தேனும், பழமுமே. பெண்களைத் தூக்கிச் சென்று குகையிலே சிறை வைக்கும் என்னும் கதைக்கோ ஆதாரம் எள்ளளவும் இல்லை.

அங்ஙனமாயின், கரடியால் முகம் சிதைந்து கண்ணிழந்த மனிதர் வன்னியிலும் கிழக்கிலும் காணப்படுவதன் காரணம் யாது? இதற்கு விடை பாலைமரத்தின் அடியிலே கிடைக்கின்றது. வைகாசி தொடக்கம் ஆடி வரையுள்ள காலத்திலே பாலை பழுக்கும். பொன்னிறமான அச்சிறு பழத்தின் இனிமையை உண்டவரே அறிவர். அதைச் சேர்த்துக் கொண்டுபோய் விற்பதால் வரும் பணம் ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கோடையிலே கைகொடுக்கின்றது. அதே காலத்திலே அதே மரத்தை நாடிக் கரடியும் வருகின்றது. கரடிக்கு மோப்ப சக்தி மிகுதி. கண் பார்வையோ மந்தம். புற்றைக் கிண்டும்போதும் பழம் தின்னும்போதும் அது தன் வேலையிலே ஆழ்ந்துவிடும். சத்தமின்றி நடந்துவரும் மனிதன் சில அடி தூரத்துக்குள் வந்த பின்பே அது திடுக்குற்று நிமிரும். மிக அண்மையில் எதிரியைக் கண்ட அதிர்ச்சியிலே, ஓடுவதற்குப் பதிலாகப் பாய்ந்துவிடும்.

ஏனைய காட்டு விலங்குகள் ஓடும்போது இது மாத்திரம் ஏன் பாய்கின்றது என்று கேட்கலாம். யானையும் சிறுத்தையும் உள்ள காட்டிலே வளர்ந்த இனம் இது. சிறுத்தையும் மரமேற வல்லது. ஆகவே மரமேறித் தப்பும் உபாயம் பயன்படாது. எதிர்த்து நிற்பதே அதற்கு இயற்கை கற்பித்த பாதுகாப்பு. குட்டிகளைத் தாய்க்கரடி தன் முதுகின்மேல் ஏற்றிச் சுமப்பதும் இக்காரணம் பற்றியே என்பர் அறிஞர். உலகிலே உள்ள எட்டுக் கரடி இனங்களுள் குட்டிகளை இவ்வாறு வழக்கமாக முதுகிற் சுமப்பது இவ்வினம் ஒன்றே. முதுகிலே குட்டியிருக்கும் தாய், தன்னை நோக்கி வரும் எதையும் பகையென்றே கருதும்.

இதனை அறிந்தால் தற்காப்பும் தானே விளங்கும். காட்டுக்குட் செல்வோர் தனியே போகாது கூட்டமாகச் செல்லவேண்டும். மௌனமாக நடவாது உரத்துப் பேசியும் கம்பால் மரத்தைத் தட்டியும் செல்லவேண்டும். தூரத்திலேயே ஓசை கேட்டால் பெரும்பாலான கரடிகள் விலகிப் போய்விடும். கற்பாறைக் குகைகளின் வாயிலை அணுகலாகாது. தப்பமுடியாதவாறு கரடி பாய்ந்துவிட்டால், குப்புறப் படுத்து, இரு கைகளாலும் பிடரியை மூடி, முகத்தை நிலத்தோடு சேர்த்துக்கொள்வதே நன்று. பிணமென்று நம்பவைப்பது இதன் நோக்கமன்று. கரடி பெரும்பாலும் தலையையும் முகத்தையுமே தாக்குவதால், அவற்றைக் காப்பதே நோக்கமாகும். அச்சம் நீங்கியதும் அது அகன்றுவிடும்.

கரடியின் எதிர்காலமோ கவலைக்குரியது. மலைநாட்டிலும் ஈரவலயத்திலும் அது இன்றில்லை. தீவின் நிலத்திலே ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குக்கு மேற்படாத பரப்பிலேயே அது வாழ்கின்றது. பாலைப்பழத்தை உண்டு அதன் வித்துகளைக் காடெங்கும் பரப்பும் இந்தத் தோட்டக்காரனை இழந்தால், பாலைக்காடும் நலிவுறும் என்பதை மறத்தலாகாது.

இனி யானை. யானையைப்பற்றிய சிறு கதைகள் பல உள. எலியைக் கண்டு யானை அஞ்சும் என்பர். அதற்குத் தக்க சான்றில்லை. துதிக்கையால் நீர் குடிக்கும் என்பர். உண்மையிலே துதிக்கையால் நீரை உறிஞ்சி வாயிலே விட்டுக் குடிக்கின்றது. சாகுங்காலத்தில் யானைகள் தமக்கென உள்ள இரகசிய மயானத்தைத் தேடிச் செல்லும் என்பர். இதற்குள்ளே ஓர் உண்மை மறைந்திருக்கின்றது. யானைக்கு அரைக்கும் பற்கள் வாழ்நாளில் ஆறுமுறை தோன்றும். ஆறாம் முறை வந்த பற்களும் தேய்ந்தபின் கடினமான உணவை அதனால் மெல்ல முடியாது. ஆகவே முதிய யானைகள் மெல்லிய புல் கிடைக்கும் நீர்நிலைகளின் அருகே தங்கி, அங்கேயே இறக்கின்றன. அங்கே பல எலும்புகளைக் கண்டவர் அதை மயானமாக்கிவிட்டனர்.

ஆண்யானை என்றால் தந்தம் இருக்கும் என்பதும் பிற நாட்டுப் படங்களைப் பார்த்துக் கொண்ட எண்ணமே. இலங்கையின் ஆண்யானைகளுள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவையே தந்தமுடையவை. தந்தமில்லாத ஆண்யானையை அலியன் என்று கிராமத்தவர் அழைப்பர். அப்பெயரைக் கேட்டு அதன் வலிமையிலே குறைவுண்டு என எண்ணுவோர் அதனெதிரே போய் நில்லாதிருப்பது நலம்.

இவை சிறு பிழைகள். பெரும் பிழை ஒன்று உண்டு. யானையின் வீடு அடர்ந்த காடு; அது காட்டை விட்டு ஊருக்குள் வந்து அட்டகாசம் செய்கின்றது; ஆகவே அதை விரட்டிக் காட்டுக்குள் அடைத்து வேலி போட்டுவிட்டால் தொல்லை தீரும் என்பதே அப்பிழை. கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால் யானையின் உணவு புல்லும், பற்றையும், இளந்தளிருமே. வானளாவ வளர்ந்த மரங்கள் நிழல் பரப்பும் முதிர்ந்த காட்டிலே, நிலத்துக்கு வெயில் படாமையால் இவை குறைவு. சேனை செய்து விட்ட நிலங்களிலும், குளத்தின் வற்றுப் பகுதிகளிலும், காட்டோரங்களிலுமே இவை மிகுதி. ஆவணி, புரட்டாதியளவில் மின்னேரிக் குளம் வற்றும்போது வெளிப்படும் பசும்புல்லை நாடி நூற்றுக்கணக்கான யானைகள் கூடும் காட்சி இதற்குச் சாட்சி. மகாசேன மன்னன் நெல் விளையக் கட்டுவித்த குளம் யானைக்கும் அமுதசுரபியாயிற்று.

மனிதர் வாழ்ந்து பண்படுத்திய நிலமே யானைக்கும் உகந்த நிலமாயிருப்பது இச்சிக்கலின் வேர். 2021 ஆம் ஆண்டிலே வெளியான ஆய்வொன்றின்படி, இலங்கையின் நிலப்பரப்பிலே ஏறத்தாழ 60 வீதத்தில் யானைகள் நடமாடுகின்றன. அந்நிலத்திலே பத்தில் ஏழு பங்கிலே மனிதரும் குடியிருக்கின்றனர். 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே 5,879 யானைகள் எண்ணப்பட்டன. 2019 ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. மனிதரும் ஏறத்தாழ 120 பேர் மாண்டனர். இத்தொகையைக் கேட்டபின், யானைமீது மட்டும் இரங்குதலும், மனிதர்மீது மட்டும் இரங்குதலும் நீதியாகா.

பயிரை அழிக்கும் யானைகள் பெரும்பாலும் தனித்துத் திரியும் வளர்ந்த ஆண்யானைகளே. ஆனால் விரட்டும்போது அகப்படுவன பெட்டை யானைகளும் கன்றுகளும் அடங்கிய மந்தைகள். வேலிக்குள் அடைபட்ட அவை உணவின்றி மெலிகின்றன. அழித்த ஆண்யானையோ வெளியிலேயே நிற்கின்றது. அந்த ஆண்யானையைப் பிடித்து லொறியிலேற்றித் தூரத்துச் சரணாலயத்திலே விட்டாலென்ன என்ற கேள்வியும் எழும். அவ்வாறு விடப்பட்ட 12 யானைகளின் கழுத்திலே கருவி பூட்டி ஆராய்ந்த முடிவு 2012இல் வெளியாயிற்று. சில யானைகள் பழைய இடத்தை நோக்கித் திரும்பின. சில திக்கின்றி அலைந்தன. சில புதிய இடங்களிலே தங்கின. மொத்தத்திலே தொல்லை தீரவில்லை. புதிய ஊர்களுக்கும் பரவியது. ஆதலின் யானையைச் சுற்றி வேலியிடுவதைவிட, ஊரையும் வயலையும் சுற்றி மின்வேலியிட்டு, அவ்வூரவரே அதைப் பராமரித்தல் பயன் தரும் என்று அனுபவம் காட்டுகின்றது. அறுவடை முடிந்தபின் வயல்வேலியை அகற்றினால், தாள் மேயும் யானைக்கும் வயிறு நிறையும்.

மூன்றாவதாகச் சிறுத்தை. மக்கள் அதனைப் பொதுவாகப் புலியென்றே வழங்குவர். ஆனால் வரிப்புலி இலங்கையில் இல்லை. மிகப் பழங்காலத்திலே புலியும் சிங்கமும் இங்கு வாழ்ந்தமைக்கு இரத்தினபுரிப் பகுதியிலே கிடைத்த எலும்பும் பல்லும் சான்று பகர்கின்றன. அவை அழிந்தபின் இத்தீவின் ஊனுண்ணிகளுக்கெல்லாம் அரசாக விளங்குவது சிறுத்தையே. வில்பத்துவின் மணற்காட்டிலும், யாலவின் பாறைகளிலும், குளிர் நிறைந்த மலைநாட்டிலும், தேயிலைத் தோட்டங்களை அடுத்த சிறுகாடுகளிலும் அது வாழ்கின்றது. கருஞ்சிறுத்தையை வேறொரு கொடிய இனமென்று எண்ணுதலும் பிழை. நிறம் மிகுதியாற் கறுத்த சிறுத்தையே அது; வெயிலிலே உற்று நோக்கினால் அதன் உடலிலும் புள்ளிகள் தெரியும். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பது பழமொழி. அதுவும் முற்றும் சரியன்று. இவ்வினத்தைச் சேர்ந்தவை இடையிடையே புல்லைக் கடித்துத் தின்பதுண்டு. பழமொழி புகட்டும் மானவுணர்ச்சிக்கு இதனால் இழுக்கொன்றும் இல்லை.

சிறுத்தை மனிதனைத் தேடிவந்து கொல்லும் என்னும் அச்சம் பரவலானது. இலங்கைச் சரித்திரத்திலே அவ்வாறு பெயர்பெற்ற சிறுத்தை ஒன்றுண்டு. மட்டக்களப்பு மாவட்டத்துப் புணானையிலே குறைந்தது 12 பேரைக் கொன்ற அச்சிறுத்தையை 1924 ஆம் ஆண்டிலே கப்டன் ஷெல்டன் ஏகர் என்பவர் சுட்டுவீழ்த்தினார். பதனிடப்பட்ட அதன் உடல் கொழும்பு நூதனசாலையிலே வைக்கப்பட்டது. நூறாண்டு கழிந்தும் அந்த ஒன்றையே அனைவரும் எடுத்துக்காட்டுகின்றனர் என்பதொன்றே, அத்தகைய நிகழ்ச்சி எத்துணை அரிது என்பதை விளக்கும்.

இன்று ஆபத்து மறுபக்கமாகத் திரும்பியுள்ளது. மலைநாட்டிலே காட்டுப்பன்றிக்கும் மரைக்கும் வைக்கும் கம்பிச் சுருக்கிலே சிறுத்தைகள் அகப்பட்டு மாள்கின்றன. 2020 ஆம் ஆண்டு வைகாசியிலே நல்லதண்ணிப் பகுதியிலே சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தையொன்று சிகிச்சை அளித்தும் பிழைக்கவில்லை. 2018 ஆம் ஆண்டிலே கிளிநொச்சிப் பகுதியிலே ஊருக்குள் வந்த சிறுத்தையொன்றை மக்கள் திரண்டு சூழ்ந்தனர், பலர் காயமுற்றனர், சிறுத்தையும் அடித்துக் கொல்லப்பட்டது. வழி தடுமாறி வந்த சிறுத்தைக்குத் தப்பும் வழி ஒன்று விட்டு, கூட்டம் விலகி நின்று, அதிகாரிகளுக்கு அறிவிப்பதே இரு தரப்பாருக்கும் நன்மை. நாற்புறமும் அடைபட்ட பூனையும் பாயும். சிறுத்தை பாய்வதற்குக் கேட்பானேன்?

கடைசியாக, ஒருவருக்கும் தீங்கு நினையாத ஒரு சிறு பிராணி. மெலிந்த பிள்ளையைத் தேவாங்கு என்று பரிகசிப்பது நம் வழக்கம். கையளவேயான உடலும், ஈர்க்குப்போன்ற கால்களும், வட்டமான பெருவிழிகளுமுடைய தேவாங்கு இரவிலே மரங்களில் ஊர்ந்து பூச்சிகளைத் தின்று வாழ்கின்றது. அது கத்தினால் கேடு வருமென்றும், அதன் கண்ணிலிருந்து வசிய மை செய்யலாமென்றும் நம்பி, அதனை வதைத்தோர் பலர். அவ்விழிகள் இருளிலே இரை தேடுவதற்காக அமைந்தவை. அவற்றிலே மாயமும் இல்லை, மருந்தும் இல்லை. அழிந்தொழிந்தது என்று ஒரு காலத்தில் எண்ணப்பட்ட மலைநாட்டுத் தேவாங்கு, 2009 ஆம் ஆண்டிலே மலைக்காட்டிலே புகைப்படத்துக்கு அகப்பட்டமை மகிழ்ச்சிக்குரிய செய்தி.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே றோஜர்ஸ் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரி இத்தீவிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றார். அது அக்காலத்திலே புகழாயிருந்தது. 1937 ஆம் ஆண்டிலே விலங்குகளையும் தாவரங்களையும் பாதுகாக்கும் கட்டளைச் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டிலே யாலவும் வில்பத்துவும் தேசிய வனங்களாயின. 1949இல் வனவிலங்குகளுக்கென்று தனித் திணைக்களமும் அமைந்தது. இவ்வளவு தூரம் எண்ணம் மாறியிருக்கும்போது, எஞ்சியுள்ள கட்டுக்கதைகளும் மாறுதல் அரிதன்று. ஆயினும் சட்டமும் திணைக்களமும் காட்டோரத்து மக்களின் அறிவு துணைசெய்தாலன்றி நிறைவு பெறா.

ஆகவே பிள்ளைகளுக்கு இரு நண்பர் கதையைச் சொல்லும் பெற்றோர் அதனை நிறுத்தவேண்டுவதில்லை. கதை முடிந்ததும் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னாற் போதும்: கரடிக்கு மரமேறத் தெரியும், பாலைப்பழக் காலத்திலே காட்டுக்குப் போகிறவன் கூடப் போகும் நண்பனோடு உரத்துப் பேசிக்கொண்டே போகவேண்டும். கதையிலே வந்த நண்பன் கைவிட்டு ஓடினான். காட்டிலே கூட நடக்கும் நண்பனின் குரலோ இருவரையும் காக்கும், கரடியையும் காக்கும்.